சூளையிலிருந்து வந்த கர்ப்பிணி: சிபிலிஸ் விரைவுப் பரிசோதனையும் மூன்று தவணை ஊசியும்

பின்னணி

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் ஒன்றில், செங்கல் சூளைகள் நிறைந்த ஆற்றங்கரைப் பகுதியில் இருக்கிறது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். இந்த நிகழ்வு அங்கு நடந்தது. நான் அங்கு மருத்துவ அலுவலர். சம்பந்தப்பட்ட குடும்பத்தை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதால் ஊர்ப் பெயர்களையும் ஆண்டையும் தவிர்த்திருக்கிறேன்.

பொங்கல் முடிந்ததும் பிற மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சூளைக்கு வருவார்கள். மழை தொடங்கும்வரை இங்கேயே குடிசை போட்டுத் தங்குவார்கள். முன்பணம் வாங்கிவிட்டு வருவதால் கணக்குத் தீரும்வரை ஊர் திரும்ப முடியாது. கணவனும் மனைவியும் ஜோடியாகக் கல் அறுக்க வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. ஒருவர் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் இருவரின் கூலியும் போகும். கர்ப்பிணிகள் பதிவு செய்துகொள்வதில் ஏற்படும் தாமதத்துக்கு அறியாமையைக் காரணம் சொல்வது எளிது. இந்தக் கூலிக் கணக்கைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

சிபிலிஸ் உடலுறவால் தொற்றும் ஒரு பாக்டீரியா நோய்; கர்ப்பிணியிடமிருந்து வயிற்றிலுள்ள குழந்தைக்கும் பரவும். அதற்கான பரிசோதனை கர்ப்பிணிகளுக்குப் புதிதல்ல. வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை பல பத்தாண்டுகளாகவே கர்ப்பகாலப் பரிசோதனைப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு ஊசிக்குழாயில் இரத்தம் எடுத்து, சீரத்தை (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) பிரித்து, ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். கிராமத்தில் எடுத்த இரத்தம் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய் முடிவு திரும்புவதற்குள் அந்தப் பெண் தாய்வீட்டுக்கோ அடுத்த வேலையிடத்துக்கோ போயிருப்பாள். விரைவுப் பரிசோதனை அட்டைக்கு விரல் நுனியில் ஒரு குத்தும் ஒரு சொட்டு இரத்தமும் போதும். குளிர்பெட்டியோ மின்சாரமோ தேவையில்லை. 15 முதல் 20 நிமிடத்தில் முடிவு தெரியும். எச்.ஐ.வி.யையும் சிபிலிஸையும் ஒரே அட்டையில் பார்க்கும் இரட்டைப் பரிசோதனையைக் கர்ப்பிணிகளுக்கு முதல் சோதனையாகவே பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. எங்கள் கிராம சுகாதார செவிலியர்களின் பைகளிலும் இந்த அட்டைகள் வந்து சேர்ந்தன.

சிபிலிஸ் பழைய காலத்து நோய் என்று எண்ணுகிறவர்கள் மருத்துவர்களிடையேயும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2016இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 6 லட்சத்து 61 ஆயிரம் பிறவி சிபிலிஸ் (தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் சிபிலிஸ்) பாதிப்புகள் ஏற்பட்டன. அவற்றில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவை கருவிலேயோ பிறந்த சில நாட்களிலோ குழந்தையின் மரணத்தில் முடிந்தன. பென்சிலின் இந்த நோயைக் குணப்படுத்தும் என்று 1943இலேயே நிரூபிக்கப்பட்டுவிட்டது. மருந்து கையில் இருந்தும் இத்தனை குழந்தைகள் சாகிறார்கள் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் கண்டது

நடமாடும் மருத்துவக் குழு மாதம் ஒருமுறை காலை பத்து மணிக்குச் சூளைக்குப் போய்வந்துகொண்டிருந்தது. பெண்கள் பலர் அதன் கண்ணில் படவே இல்லை. வெயிலுக்குப் பயந்து நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குக் கல் அறுக்கத் தொடங்குகிறவர்கள் காலை பத்து மணிக்குக் குடிசைக்குள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இதைக் கவனித்தவர் எங்கள் கிராம சுகாதார செவிலியர். சித்திரை மாதக் கடைசியில் அவர் தானாகவே நேரத்தை மாற்றி, மாலை நான்கு மணிக்கு மேல் போகத் தொடங்கினார். அப்படிப் போன ஒரு மாலையில்தான் இந்தப் பெண்ணைக் கண்டார்.

வயது 23. மாதவிடாய்க் கணக்குப்படி 22 வாரக் கர்ப்பம். அதுவரை எங்கும் பதிவு செய்திருக்கவில்லை. சூளைக்குக் கிளம்பும்போது கர்ப்பம் என்பதே தெரியாது என்றார். இது இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அதற்கு அவருடைய குடும்பத்தில் சொல்லப்பட்ட காரணம், கர்ப்பத்தோடு நெடுந்தூரம் லாரியில் வந்தது. மருத்துவக் காரணம் எதையும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதல் கர்ப்பத்தின் தாய் சேய் நல அட்டையை அவர் ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். செவிலியர் அதை வாங்கிப் பார்த்தார். ஹீமோகுளோபின் எழுதியிருந்தது, இரத்த வகை எழுதியிருந்தது. வி.டி.ஆர்.எல். கட்டத்தில் நீல மையில் 'அனுப்பப்பட்டது' என்று மட்டும் இருந்தது. அதன் முடிவு அந்த அட்டையில் எங்கும் இல்லை.

ஒப்புதல் பெற்று, விரலில் குத்தி இரட்டைப் பரிசோதனை செய்யப்பட்டது. அட்டை சரியாக வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு தெளிவாக விழுந்தது. எச்.ஐ.வி. இடத்தில் கோடு இல்லை. சிபிலிஸ் இடத்தில், அட்டையைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும் அளவுக்கு மங்கலான இளஞ்சிவப்புக் கோடு ஒன்று விழுந்தது.

மங்கிய கோடும் கோடுதான். பயிற்சி வகுப்புகளில் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். கோட்டின் அடர்த்தி நோயின் கடுமையைக் காட்டாது; குறித்த நேரத்துக்குள் கோடு தெரிந்தால் அது பாசிட்டிவ். நேரம் கடந்தபின் தோன்றும் கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. செவிலியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியான நேரத்தில்தான் படித்திருந்தார். இருந்தாலும் ஒரு சந்தேகம் எழுந்தது. இந்த அட்டைகளை 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்கக் கூடாது. அன்று சூளைப் பக்கம் எவ்வளவு வெயில் என்று சொல்ல வேண்டியதில்லை. பை மணிக்கணக்காக வண்டியில் கிடந்திருந்தது. அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அந்தப் பெண்ணை அன்றே அழைத்துவரும்படி சொன்னேன். கூடவே வருவதாகக் கணவரும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

அன்று மாலை எடுத்த முடிவுகள்

எங்கள் நிலையத்தில் சரியான வெப்பநிலையில் இருந்த வேறொரு அட்டையில் மறுபடியும் பரிசோதித்தோம். அதே மங்கிய கோடு விழுந்தது. உடலில் புண்ணோ தடிப்போ இல்லை. உள்ளங்கையும் உள்ளங்காலும் இயல்பாக இருந்தன. கருவின் இதயத்துடிப்பு நன்றாகக் கேட்டது.

இந்த விரைவுப் பரிசோதனை காட்டுவது கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை. ஒருமுறை நோய் வந்து முழுச் சிகிச்சை பெற்றுக் குணமானவர்களிடமும் அது பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். நோய் இப்போது தீவிரமாக இருக்கிறதா, சிகிச்சைக்குக் கட்டுப்படுகிறதா என்பதை அறிய ஆர்.பி.ஆர். அளவு வேண்டும். அதனால், 'ஆர்.பி.ஆர். முடிவு வரட்டும், அதன்பின் ஊசி போடலாம்' என்று காத்திருப்பது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது.

நாங்கள் காத்திருக்கவில்லை. முன்பு இந்த நோய்க்குச் சிகிச்சை எடுத்ததாக அவருக்கு நினைவில்லை, பழைய தாய் சேய் நல அட்டையிலும் பதிவில்லை. காரணம் தெரியாமல் ஒரு குழந்தை வயிற்றில் இறந்திருக்கிறது. கர்ப்பம் ஐந்தாம் மாதத்தைத் தாண்டிவிட்டது. சிகிச்சை பெறாத தாயின் நோய், தொடங்கிய காலத்தையும் தீவிரத்தையும் பொறுத்து, பாதிக்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் ஏதோவொரு கேட்டை விளைவிக்கிறது. தேவையில்லாமல் ஊசி போட்டுவிட்டால் நேர்வது இடுப்பில் இரண்டு நாள் வலி. தேவையானதைத் தள்ளிப்போட்டால் போவது குழந்தை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து யோசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விரைவுப் பரிசோதனை பாசிட்டிவானால் அதே வருகையில் முதல் ஊசியைப் போட்டுவிட்டு, ஆர்.பி.ஆருக்கு இரத்தம் எடுத்து அனுப்பலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும்கூட. அப்படியே செய்தோம். ஊசிக்கு முன் இரத்தம் எடுத்து, ஆய்வக நுட்புநர் சீரத்தைப் பிரித்துக் குளிர்பெட்டியில் வைத்தார். மறுநாள் காலை அது தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனது.

அடுத்த கேள்வி எத்தனை ஊசி என்பது. நோய் தொற்றி இரண்டு ஆண்டுக்குள் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் பென்சத்தின் பென்சிலின் (உடலில் மெதுவாகக் கரைந்து நெடுநாள் வேலை செய்யும் பென்சிலின்) 24 லட்சம் யூனிட் ஒரு தவணை போதும். எப்போது தொற்றியது என்று தெரியாதபோது வாரம் ஒன்றாக மூன்று தவணை. இவருக்கு எப்போது தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மூன்று. ஓரிடத்தில் நிலைத்திருக்காத ஒரு பெண்ணுக்கு மூன்று வாரத் திட்டம் வகுக்கிறோம் என்பது தெரிந்தேதான் அதை எழுதினேன். கர்ப்பிணிக்கு இந்த நோயில் மாற்று மருந்தைத் தேடிப் பயனில்லை. எரித்ரோமைசின், அசித்ரோமைசின் போன்றவை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைப் போதுமான அளவு சென்றடைவதில்லை. தாயையும் கருவையும் சேர்த்துக் குணப்படுத்துவது பென்சிலின் மட்டுமே.

ஊசி போடுவது

மருந்து எங்களிடம் இருந்தது ஒரு நற்பேறு. வாதக் காய்ச்சலால் இதயம் பாதிக்கப்பட்ட இரண்டு பள்ளி மாணவர்களுக்காக மாதாமாதம் வரவழைத்து வைத்திருந்த புட்டிகள் அவை. அந்த மாணவர்கள் இல்லாதிருந்தால் அன்று எங்கள் மருந்தகத்தில் பென்சத்தின் இருந்திருக்காது.

பென்சிலின் என்றாலே செவிலியர்களும் மருத்துவர்களும் தயங்குகிறார்கள். எங்கோ யாருக்கோ ஊசி போட்ட உடனே உயிர் போனது என்ற கதை ஒவ்வொரு ஊழியரிடமும் உண்டு. உண்மையில் கடும் ஒவ்வாமை பத்தாயிரம் பேரில் ஒருசிலருக்கு மட்டுமே ஏற்படுகிறது. அதற்கும் ஆயத்தமாக இருந்தால் உயிரைக் காப்பாற்றலாம். முன்பு எந்த மருந்துக்காவது உடல் தடித்ததா, மூச்சு முட்டியதா என்று தெளிவாகக் கேட்டோம். கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய அட்ரினலினை மேசைமேல் எடுத்து வைத்து, ஆக்ஸிஜன் வேலை செய்கிறதா என்று பார்த்தோம். நானும் அறையிலேயே இருந்தேன். மருத்துவர் பக்கத்தில் நிற்கிறார் என்ற ஒன்றே செவிலியரின் கை நடுக்கத்தைப் பாதி குறைத்துவிடும்.

இந்த மருந்தின் தன்மையும் ஒரு சிக்கல். தூளைத் தண்ணீரில் கலக்கும்போது சுண்ணாம்புக் குழம்புபோல் கெட்டியாகி, மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். பாதி மருந்து உள்ளே போனபின் அடைத்தால் எவ்வளவு போனது என்றே தெரியாது. 21 கேஜ் அளவில் தடித்த ஊசியை எடுத்து, புட்டியை நன்றாகக் குலுக்கி, கலந்த உடனே இழுத்து, இடையில் நிறுத்தாமல் மெதுவாகச் செலுத்த வேண்டும். புட்டத்தின் ஒருபக்கம் 12 லட்சம், மறுபக்கம் 12 லட்சம் என்று பிரித்துப் போட்டோம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். அதன்பின் ஒரு மணி நேரம் அவரை எங்கள் கண்முன்னே அமர வைத்திருந்தோம்.

அவருக்கும் கணவருக்கும் சொன்னது

ஊசிக்கு முன்பே அவரைத் தனியாக அழைத்துப் பேசினோம். இரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது, அது குழந்தைக்குப் போகும், ஊசி போட்டால் தடுக்கலாம், கணவருக்கும் பரிசோதனை வேண்டும் என்று சொன்னோம். நோயின் பெயரையும் மறைக்கவில்லை. அடுத்து நாங்கள் கேட்டது, "இதைக் கணவரிடம் சொன்னால் உனக்கு அவரால் ஏதாவது தொந்தரவு வருமா, அம்மா?" என்று. இதைக் கேட்காமல் கணவரைக் கூப்பிட்டு அறிக்கை வாசிப்பது, அந்தப் பெண்ணைச் சிகிச்சைக்கே திரும்பி வராமல் செய்துவிடக்கூடும். அவர் சற்று யோசித்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கள், டாக்டர். நான் சொன்னால் சரியாக வராது. மாமியாருக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்றார்.

பிறகு செவிலியரிடம் கேட்டார்: "நர்சம்மா, போன குழந்தைக்கும் இதுதான் காரணமா?"

செவிலியர் என்னைப் பார்த்தார். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இதுவாக இருக்கலாம் என்று நான் சொன்னேன். லாரியில் வந்தது காரணமாக இருந்திருக்காது, உன் மேல் எந்தத் தவறும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இரண்டு ஆண்டாக அந்தப் பழியை அவர் சுமந்துகொண்டிருந்தார்.

கணவரிடம் பேசும்போது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற பேச்சை எடுக்கவில்லை. பரிசோதனை அட்டை அதைச் சொல்லாது. நாமும் ஊகிக்கக் கூடாது. இருவரும் சிகிச்சை எடுத்தால்தான் குழந்தை பிழைக்கும், ஒருவர் மட்டும் எடுத்தால் மறுபடியும் தொற்றும் என்பதை மட்டும் விளக்கினோம். திருமணத்துக்கு முன்பு ஒருமுறை, இந்த நோயின் முதல் கட்டத்தில் வருவதுபோல, வலியில்லாத புண் வந்து தானாக ஆறிவிட்டதாக அவரே சொன்னார். அவருடைய அட்டையிலும் கோடு விழுந்தது. அன்று மாலையே அவருக்கும் முதல் ஊசி போடப்பட்டது. சிகிச்சை முடியும்வரை உடலுறவைத் தவிர்க்கும்படி இருவரிடமும் சொன்னோம்.

முதல் ஊசிக்குப் பின் வந்த காய்ச்சல்

இரவு தங்கச் சொன்னோம். இரண்டு மணிக்கு வேலை தொடங்க வேண்டும் என்று இருவரும் மறுத்துவிட்டார்கள். அதனால் என்ன நேரலாம் என்பதை முன்கூட்டியே விளக்கி அனுப்பினோம். மருந்து பட்டுக் கிருமிகள் கூட்டமாக அழியும்போது ஒருநாளுக்குள் குளிர்காய்ச்சல், உடல்வலி, வயிறு இறுகுவது போன்றவை வரலாம். யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்று இதற்குப் பெயர். இது மருந்து ஒவ்வாமை அல்ல. இந்த ஐந்து நிமிட விளக்கம் இல்லாதிருந்தால் இரண்டாம் ஊசிக்கு அவர் வந்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

அன்றிரவே காய்ச்சல் வந்தது. கணவர் செவிலியரைத் தொலைபேசியில் அழைத்தார். பாராசிட்டமால் கொடுக்கச் சொல்லி, வயிறு விட்டுவிட்டு வலித்தாலோ இரத்தமோ நீரோ பட்டாலோ உடனே 108ஐ அழைக்கும்படி அவர் சொன்னார். விடிந்ததும் நேரில் போய்க் கருவின் துடிப்பைப் பார்த்தார். காய்ச்சல் தணிந்திருந்தது. ஆனால் சூளையில் செய்தி பரவியிருந்தது. கர்ப்பிணிக்கு ஏதோ தப்பான ஊசி போட்டுவிட்டார்கள் என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டிருந்தார். நோயின் பெயரை வெளியிடாமல் அவரைச் சமாதானப்படுத்துவது எளிதாக இல்லை. சத்துக்குறைவும் இரத்தக் கிருமியும் இருக்கின்றன, சிகிச்சை தொடர வேண்டும், அடுத்த வாரம் வண்டியை நாங்களே அனுப்புகிறோம் என்று செவிலியர் பேசி முடித்தார்.

நான்காம் நாள் ஆர்.பி.ஆர். முடிவு வந்தது. மனைவிக்கு 1:16, கணவருக்கு 1:8. இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் அதிகம் என்று பொருள். பழைய, குணமான நோயின் எச்சம் என்று ஒதுக்கிவிடக் கூடிய அளவுகள் அல்ல. அந்த நேரத்தில் அவருக்கு முதல் ஊசி போட்டு நான்கு நாள் ஆகியிருந்தது.

ஏழாம் நாள் இருவரும் இரண்டாம் ஊசிக்கு வந்தார்கள். இம்முறை காய்ச்சல் இல்லை.

மூன்றாம் ஊசி

மூன்றாம் ஊசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கோடை மழை கொட்டியது. அறுத்து வைத்த பச்சைக்கல் கரைந்துபோனது. சூளை உரிமையாளர் அந்த ஆண்டு வேலையை முன்னதாகவே முடித்துக்கொண்டார். கணக்குத் தீர்த்து, ஒரே இரவில் குடும்பங்கள் லாரியில் ஏறிவிட்டன. செவிலியர் மறுநாள் போனபோது குடிசைகள் காலியாகக் கிடந்தன. கணவரின் கைபேசி அணைக்கப்பட்டிருந்தது.

கர்ப்பிணிக்கு இரண்டு தவணைகளுக்கு இடையே 14 நாளுக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. விழுந்தால் மூன்று ஊசியையும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆக, எங்களுக்கு இருந்த அவகாசம் குறைவு.

அவரைத் தேடிப் பிடிக்க உதவியவை இரண்டு. முதல் நாளே அவரைப் பதிவு செய்து பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்கியபோது, சூளை முகவரியோடு சொந்த ஊரின் முகவரியையும் செவிலியர் கேட்டு எழுதியிருந்தார். இன்னொன்று, அவர் கையில் கொடுத்தனுப்பிய அட்டை. அதில் நோயின் பெயரை எழுதாமல், மருந்தின் பெயர், அளவு, போட்ட தேதிகள், அடுத்த தவணை நிலுவையில் இருப்பது, எங்கள் நிலையத்தின் தொலைபேசி எண் ஆகியவற்றை மட்டும் எழுதியிருந்தோம். படிக்கத் தெரிந்த உறவினர் எவரும் அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு மருத்துவர் பார்த்தால் நொடியில் புரிந்துகொள்வார்.

சமுதாய சுகாதார செவிலியர் மூலமாக அவருடைய சொந்த மாவட்டத்தைத் தொடர்புகொண்டு, அந்த ஊரின் கிராம சுகாதார செவிலியரைக் கண்டுபிடித்தோம். அவர் வீடு தேடிப் போனார். "மூன்றாவது ஊசி பாக்கி இருக்கிறது, எங்கே போடுவார்கள் என்று தெரியாமல் இருந்தேன்" என்று அந்தப் பெண்ணே அட்டையை எடுத்து நீட்டினார் என்று பின்னர் எங்களிடம் சொன்னார். ஏன் மூன்று ஊசி என்பதைப் புரியவைத்தால், அடுத்தவர் விரட்டத் தேவையில்லாமல் மக்களே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்த நிலையத்தில் மருந்து இல்லை. அங்கிருந்த மருத்துவர் மறுபடியும் ஒரு வி.டி.ஆர்.எல். பார்த்துவிட்டுப் போடலாமா என்று யோசித்தார். அவரோடு நான் தொலைபேசியில் பேசி, ஆர்.பி.ஆர். அளவையும் தவணைத் தேதிகளையும் எழுத்தில் அனுப்பினேன். அவர் ஒப்புக்கொண்டு, தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து புட்டிகளை வரவழைத்தார். இரண்டாம் ஊசியிலிருந்து 12ஆம் நாள் மூன்றாம் ஊசி போடப்பட்டது.

கணவருக்கு அப்படி அமையவில்லை. ஊர் திரும்பிய உடனே சுமை தூக்கும் வேலைக்கு வேறு நகரத்துக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது இடைவெளி பல வாரம் ஆகியிருந்ததால், முதலிலிருந்து மூன்று ஊசி போட வேண்டியதாயிற்று. இம்முறை அவர் தவறாமல் வந்து முடித்தார்.

விளைவு

34ஆம் வாரத்தில் எடுத்த ஆர்.பி.ஆர். 1:4. இரண்டு படி, அதாவது நான்கு மடங்கு இறங்கியிருந்தது. சிகிச்சை வேலை செய்கிறது என்பதற்கு இது போதுமான சான்று. எச்.ஐ.வி. பரிசோதனையும் அப்போது மறுபடியும் செய்யப்பட்டு நெகட்டிவ் என்று வந்தது.

ஆவணியில், 38ஆம் வாரத்தில், சொந்த மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.6 கிலோ. உள்ளங்கை, உள்ளங்காலில் தோல் உரியவில்லை, மூக்கொழுகல் இல்லை, கல்லீரலும் மண்ணீரலும் வீங்கவில்லை, கை கால்களை நன்றாக அசைத்தது. தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தம் கலந்திருக்கக்கூடும் என்பதால் குழந்தையின் நாளத்திலிருந்தே இரத்தம் எடுத்தார்கள்: 1:2. தாயின் அளவைவிடக் குறைவு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருளாகவே அதைக் கொள்ளலாம். தாய்க்குப் பிரசவத்துக்கு முப்பது நாளுக்கும் வெகு முன்பே சிகிச்சை முடிந்திருந்ததால் குழந்தைக்குப் பத்து நாள் உள்நோயாளிச் சிகிச்சை தேவைப்படவில்லை. இருந்தாலும் தொடர் கண்காணிப்பு தவறிவிடக்கூடும் என்று கருதிய குழந்தை மருத்துவர், கிலோவுக்கு 50,000 யூனிட் வீதம் ஒரே ஒரு பென்சத்தின் ஊசி போட்டு அனுப்பினார். இந்தக் குடும்பத்தின் நிலையில் நானும் அதையே செய்திருப்பேன்.

ஆறாம் மாதப் பரிசோதனை மாசியில் வந்தது. அப்போது அவர்கள் மறுபடியும் சூளையில் இருந்தார்கள். குழந்தையின் இரத்தத்தை எங்கள் நிலையத்திலேயே எடுத்தோம். ஆர்.பி.ஆர். நெகட்டிவ். குழந்தை தலையை நிமிர்த்தி, பிடித்துக்கொண்டால் உட்கார்ந்தது. எடை வளர்ச்சிக் கோட்டில் சரியாக ஏறியிருந்தது.

மாற வேண்டியவை

பரிசோதனை அட்டை ஒரு வழியாகவும் பென்சிலின் வேறொரு வழியாகவும் வருகின்றன. ஒன்று தீர்ந்தால் மற்றொன்றுக்குத் தெரியாது. இந்த நிகழ்வில் ஊசி அன்றே கிடைத்ததற்குக் காரணம் இரண்டு மாணவர்களின் இதய நோய். இதை ஒரு ஏற்பாடு என்று சொல்ல முடியாது. இப்போது எங்கள் நிலையத்தில், அட்டைகளுக்கான தேவைப் பட்டியலை எழுதும்போதே பென்சத்தின் புட்டி, தடித்த ஊசி, அட்ரினலின் ஆகியவற்றையும் அதே தாளில் மருந்தாளுநர் எழுதுகிறார். நான்கும் இருந்தால்தான் பரிசோதனை முகாமுக்குக் கிளம்புகிறோம். ஊசி இல்லாத இடத்தில் பரிசோதனை மட்டும் செய்வது கணக்கில் ஒரு எண்ணிக்கையைக் கூட்டும். ஒரு குழந்தையையும் காப்பாற்றாது.

குழந்தை இறந்து பிறந்த ஒவ்வொரு தாய்க்கும் சிபிலிஸ் பரிசோதனை செய்தாக வேண்டும். கர்ப்பகாலத்தில் ஏற்கெனவே செய்திருந்தாலும் பிரசவ அறையிலேயே மறுபடியும் செய்ய வேண்டும். இந்தப் பெண்ணுக்கு இரண்டு ஆண்டுக்கு முன் அது நடந்திருந்தால் இரண்டாவது கர்ப்பம் ஆபத்தோடு தொடங்கியிருக்காது. இதை எங்கள் பிரசவப் பதிவேட்டில் தனிக் கட்டமாகச் சேர்த்திருக்கிறோம். அந்தக் கட்டத்தில் 'அனுப்பப்பட்டது' என்று எழுத அனுமதியில்லை. முடிவைத்தான் எழுத வேண்டும்.

கணவன்மார்களின் சிகிச்சை இன்னும் பலவீனமாகவே இருக்கிறது. கர்ப்பிணிக்குப் பதிவு எண் உண்டு, தேடிப் போகச் செவிலியர் உண்டு. கணவருக்கு இரண்டும் இல்லை. முதல் நாளே, அதே மாலையில், அதே அறையில் அவருக்கும் பரிசோதித்து ஊசி போட்டுவிடுவதுதான் நடைமுறையில் பலன் தருகிறது. எங்கள் அனுபவத்தில், 'நாளைக்கு வாருங்கள்' என்று அனுப்பிய ஆண்கள் பெரும்பாலும் திரும்பி வரவில்லை.

சூளை நேரத்துக்கு ஏற்ப மாலையில் போவது இப்போது எங்கள் நடைமுறையாகிவிட்டது. முதல் மூன்று மாதத்தில் ஒருமுறை, 32 வாரத்துக்கு மேல் மறுமுறை என்று இடம்பெயரும் கர்ப்பிணிகளுக்கு இருமுறை பரிசோதிக்கவும் தொடங்கியிருக்கிறோம். நெகட்டிவ் என்று வந்தவருக்கு நடுவில் தொற்று ஏற்பட்டால் முதல் பரிசோதனை அதைக் காட்டாது.

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று கியூபா 2015இல் முதன்முதலாகச் சான்று பெற்றது. இலங்கை 2019இல் பெற்றது. கர்ப்பிணிகளில் 95 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்குப் பரிசோதனை, நோயுள்ளவர்களில் 95 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்குச் சிகிச்சை என்பவை அந்தச் சான்றுக்கான அளவுகோல்களில் அடங்கும். நம் பக்கத்து நாடு எட்டிய இலக்கை நம்மாலும் எட்ட முடியும். பரிசோதனையைவிட சிகிச்சையின் சதவீதத்தைத்தான் ஒவ்வொரு நிலையமும் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் கர்ப்பிணியின் நிலுவைத் தவணை அங்குள்ள செவிலியருக்குத் தானாகத் தெரிய வேண்டும். அந்த ஏற்பாடு எங்களுக்கு இன்னும் அமையவில்லை. இன்றும் தொலைபேசியில்தான் தேடுகிறோம். சூளை மூடும் வாரத்துக்கு முன்பே, தவணை பாக்கியுள்ளவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரின் சொந்த ஊர் நிலையத்துக்கும் நாங்களே அழைத்துச் சொல்லிவிடுகிறோம்.